கலெக்டர் மாத்திரை

என் மனைவி என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவாள். பட்டம் சும்மா வரவில்லை. கடலூர் முதுநகரில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் அவளுக்காகப் போய் நின்று, "முட்டி வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று கேட்கிற படிப்பை நான் முடித்திருந்தேன். கடைக்காரர் நாலு அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார். பெயர் அட்டையோடு கடையிலேயே நின்றுவிடும்.

ஆகவே எங்களுக்கு நிறம்தான் பெயர். மஞ்சளுக்கு மட்டும் நானே கலெக்டர் என்று பெயர் வைத்தேன். அவர் உள்ளே வந்தால் வலி எழுந்து நின்று, கும்பிட்டுவிட்டு வெளியே போய்விடும். அவளும் சிரித்துக்கொண்டே விழுங்குவாள். மீந்ததெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும்.

போன வருஷம் அவளுக்குக் காலும் முகமும் வீங்கின. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். "ரெண்டு கிட்னியும் சரியா வேலை செய்யல. வீட்ல சாப்பிட்ட மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். டாக்டர் மேசையில் கொட்டினேன்.

"என்ன சார், பல்லாங்குழி ஆடவா கொண்டாந்தீங்க?"

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கினார். கடைசியில் கலெக்டர் மட்டும் நின்றார். மேலே ஓர் எழுத்துகூட இல்லை.

"இது என்னன்னு தெரியணும். நான் நெனைக்கிற மாத்திரையா இருந்து, எப்பவாவது சாப்பிட்டிருந்தாங்கன்னா, நிறுத்தினா கிட்னி கொஞ்சம் தேறும். தினமும் சாப்பிட்டிருந்தா கஷ்டம். எப்பவாவதுதானே?"

"எப்பவாவதுதான்" என்றேன். பொய் சொல்ல நான் யோசிக்கக்கூட இல்லை. வாய் அவ்வளவு பழகியிருந்தது.

முதுநகருக்குத் திரும்பி, கடைக்காரரிடம் மாத்திரையை நீட்டி ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். அங்கேதான் முட்டாள்தனம். ஆஸ்பத்திரி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "இது நம்ம கடை மாத்திரையே இல்லீங்க."

புவனகிரியில் இருக்கும் அவள் தம்பியை வரவழைத்தேன். அவனை நொண்டிக்கொண்டே போகச் சொல்லிக் கடைக்கு அனுப்பிவிட்டு, எதிர்ப்பக்கம் டீக்கடையில் ஒளிந்துகொண்டேன். போகும்போது வலது காலை நொண்டினான். வரும்போது இடது கால்.

"யோவ் மச்சான், எந்த முட்டிய்யா வலி உனக்கு?"

"அதத்தான் கடைக்காரரும் கேட்டாரு மாமா. ரெண்டும்னுட்டேன். ஊருக்குப் போறேன், மஞ்ச மாத்திரைய முழு அட்டையா குடுங்கன்னு வாங்கியாந்தேன்."

பத்தும் சாட்சாத் கலெக்டர்தான். அட்டையின் பின்னால் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீளமாக ஒரு பெயர். நாங்கள் இருவரும் ஏதோ ஜெயித்தவர்களைப் போல இன்னொரு டீ குடித்தோம்.

சிதம்பரத்தில் டாக்டர் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். "நான் நெனச்ச வலி மாத்திரையேதான். இப்ப உண்மையச் சொல்லுங்க சார். எப்பவாவதா?"

என் கையில் ஜோக் எதுவும் மிச்சம் இல்லை. "தினம் ரெண்டு வேளை. ரெண்டு வருஷம் இருக்கும்."

அவர் திட்டியிருக்கலாம். அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "இனிமே தேறாது சார். வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ்தான். உடம்பு தாங்குற வரைக்கும்."

வார்டில் அவள் விழித்துத்தான் இருந்தாள்.

"என்னா டாக்டரே, கலெக்டர் பேரு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. வாயில நுழையல."

"பேரு கெடக்குது. முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இங்க குடுக்குற மாத்திரை ஒண்ணும் கேக்கல. அதுல ஒண்ணு இருந்தா குடுங்களேன்."

சட்டைப்பையில் ஒன்பது இருந்தன.

"கலெக்டர் லீவுல இருக்காருடி."

அவள் கொஞ்சம் சிரித்தாள். "எப்ப வருவாரு?"

நான் குனிந்து அவள் முட்டியை அமுக்கிவிட ஆரம்பித்தேன்.