முன் சக்கரத்து எலுமிச்சம்பழம்

அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் இரண்டு மரக்கடைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பாதி பிரித்த பழைய டிராக்டர் ஒன்று எப்போதும் வாசலில் நிற்கும். அதை அடையாளம் சொல்லித்தான் ஆட்கள் வருவார்கள். அது என் கணவர் மார்ட்டினின் பட்டறை. வீட்டில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுதும்போது பெயர் வசதியாக இருக்கிறது.

அவர் செய்த வேலையை விளக்குவது கடினமில்லை. பழைய டிராக்டர்களில் இன்ஜினின் பலம் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் போகும். முன் சக்கரங்கள் திரும்புவதற்காக இருப்பவை. சேற்றில் இறங்கினால் பின்னது குழி பறிக்கும், முன்னது சும்மா நிற்கும். மார்ட்டின் அந்த முன் சக்கரங்களுக்கும் பலத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வண்டிகளை உடைத்து விற்கும் கடைகளில் பழைய ஜீப்பின் முன் அச்சை வாங்குவார். கியர்பாக்ஸின் ஓரத்தைத் திறந்து, அங்கே பல்சக்கரங்கள் வைத்த ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்துவார். பெட்டியிலிருந்து முன் அச்சுக்கு ஒரு ஷாஃப்ட் போகும். கேட்டால் இவ்வளவுதான். ஒவ்வொரு டிராக்டருக்கும் அளவு வேறு என்பதால் ஒன்றுக்குச் செய்த பெட்டி இன்னொன்றுக்கு ஆகாது.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் பட்டறையில் வேலை கற்றவர். காகிதத்தில் வரைய மாட்டார். பட்டறையின் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் டிராக்டரின் முழு அளவுக்கே வரைவார். "காகிதத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கும். தரையில வரைஞ்சா எது எதுல இடிக்கும்னு நடக்கும்போதே தெரியும்" என்பார். அந்தக் கோடுகளை மிதிக்காமல் சுற்றிப் போய்த்தான் நான் சாப்பாட்டுத் தூக்கை வைக்க வேண்டும்.

டயரில் ஒரு கோடு போட்டு, ரோட்டில் உருட்டி, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடத் துளி வேகமாக ஓட வேண்டும் என்பது கணக்கு. "முன்னது இழுக்கணும், பின்னது தள்ளணும். முன்னது சோம்பேறியா இருந்துச்சுன்னா அது சக்கரமில்ல, பிரேக்கு." இந்தக் கணக்கில் அவர் தவறியதாக எனக்கு நினைவில்லை. தவறியது வேறொன்றில்.

கொரோனாவுக்கு முந்தைய ஆண்டு வைகாசியில் பரமத்தி வேலூரிலிருந்து கந்தம்மாள் வந்தார். ஐம்பது வயதைத் தொட்டவர். பஸ்ஸில் வந்து இறங்கி, பட்டறைக்குள் ஒரு சுற்று நடந்து, தரையில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏனுங்க மேஸ்திரி, இது வண்டியா, கோலமா?"

"வண்டிதாங்க. கோலம்னா எங்க ஊட்டம்மாவ வரையச் சொல்லுவேன்."

"அப்ப எங்க வண்டியையும் வரைங்க."

காவிரிக் கரையில் படுகை நிலம், வாழை. மாமனார் காலத்தில் வாங்கிய டிராக்டர். கணவர் படுக்கையில் விழுந்தபோது கந்தம்மாள் அதை ஓட்டக் கற்றுக்கொண்டார். கணவர் இறந்த பிறகும் ஓட்டினார். படுகையில் ஈரம் ஏறினால் வண்டி சிக்கிக்கொள்ளும். போன வருடம் வாழைத்தார் ஏற்றிய டிரெய்லரோடு சிக்கி, பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். மகன் கோகுல்ராஜ் அதோடு முடிவு செய்துவிட்டான். இந்த ஆடியில் வாழைத்தார் வெட்டு முடிந்ததும் பழையது இரும்புக் கடைக்கு, புதுசு வாசலுக்கு.

"புதுசு நல்லதுதானுங்களே" என்றார் மார்ட்டின். வேலையைத் தானே கெடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

"வண்டிக்கு நல்லதுங்க. எனக்கு? புதுசு வந்தா ஸ்டியரிங் அவங்கிட்டப் போயிரும். 'நீ எதுக்கும்மா வெயில்ல'ன்னுவான். நான் ஊட்ல உக்காந்து முருங்கைக்காய் நறுக்கோணும். எனக்கு இந்த வண்டி ஒண்ணுதானுங்க ஓட்டத் தெரியும். அது சேத்துல நடந்துருச்சுன்னா விக்க மாட்டேன்னு அவங்கிட்டச் சொல்லிப்போட்டு வந்திருக்கறேன்."

மார்ட்டின் சாக்பீஸை எடுத்தார்.

லாரியில் வந்து இறங்கிய அந்த டிராக்டரில் ஒரு சிக்கல் இருந்தது. ஜீப் அச்சில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டை நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். கந்தம்மாளின் வண்டியில் சின்னப் பெட்டியை வைக்க இடம் இடப்பக்கம்தான் இருந்தது. உருண்டையோ வலப்பக்கம். இரண்டு நாள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் அச்சைக் குப்புறப் புரட்டி வைத்தார். உருண்டை இடப்பக்கம் வந்துவிட்டது. கோடுகள் எல்லாம் நேராகச் சேர்ந்தன. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

குப்புறப் போட்ட அச்சு எதிர்ப்பக்கமாகச் சுழலும் என்பதைச் சாக்பீஸ் கோடு சொல்லாது.

பட்டறையிலேயே ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஷாஃப்டின் இணைப்பு ஒன்று கடையிலிருந்து வரத் தாமதமானது. அதற்குள் கந்தம்மாள் ஜோசியரிடம் நாள் குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்குள், ராகுகாலம் தொடங்கும் முன்பு பூஜை. டிராக்டரை லாரியில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோய், அவர்கள் களத்தில் வைத்துத்தான் மார்ட்டின் கடைசி போல்ட்டை முறுக்கினார். கரூரில் என் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்ததால் நானும் கூடப் போயிருந்தேன்.

வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் கந்தம்மாளே நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏறி உட்கார்ந்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மார்ட்டின் புதிதாக வைத்த சிவப்புக் குமிழ் லிவரைப் போட்டார். கிளட்சை விட்டார்.

பின் சக்கரத்துப் பழங்கள் இரண்டும் நசுங்கின. முன் சக்கரங்கள் பின்னோக்கிச் சுழன்றன. அடியில் அகப்பட்ட மண்ணையும் பழங்களையும் முன்னால் வாரி அடித்தன. ஒரு பழம் தேங்காய்த் தட்டைக் கவிழ்த்தது. இன்னொன்று கோகுல்ராஜின் முழங்காலில் பட்டது. வண்டி நடுவில் நின்று உறுமியது.

"அம்மா, ரிவர்ஸ் போட்டுட்டியா?"

"நான் எங்கடா போட்டேன்? முன்னாடி இருக்கறது போட்டிருக்குது!"

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "பின்னாடி நாமக்கல்லுக்குப் போகுது, முன்னாடி கரூருக்குப் போகுது. டிக்கெட் எங்க எடுக்கறதுங்க?"

சிரித்தார்கள். கந்தம்மாள் வண்டியை அணைத்தார். சிரிப்பு நின்ற பிறகு, அதைவிடக் கெட்டது தொடங்கியது. முன் சக்கரத்துப் பழம் நசுங்கவில்லை. அதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒரு பெரியவர் உச்சுக் கொட்டினார். கோகுல்ராஜ் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, மரியாதை குறையாமல் பேசினான்.

"மேஸ்திரி, உங்களக் குத்தம் சொல்லலைங்க. எலுமிச்சம்பழமே நசுங்க மாட்டீங்குது. சகுனம் சொல்லிருச்சு. இதுக்கு மேல இந்த வண்டி மேல அம்மாவ ஏத்த எனக்கு மனசு வரலைங்க. திங்கக்கிழமை இரும்புக் கடைக்காரர வரச் சொல்லிர்றேன்."

மார்ட்டின் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். உள்ளே கை விட்டு ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். என்னைப் பார்க்கவில்லை.

கந்தம்மாள் சீட்டிலிருந்து இறங்காமலே கேட்டார். "மேஸ்திரி, ஒண்ணு சொல்லுங்க. தப்பு வண்டியிலயா, உங்ககிட்டயா?"

"எங்கிட்டங்க. அச்சப் புரட்டிப் போட்டேன். புரட்டினா மாத்திச் சுத்தும்னு யோசிக்கல."

"வண்டி ஒண்ணும் பண்ணல?"

"வண்டி நான் சொன்னதத்தாங்க செஞ்சுது."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "கேட்டியா கோகுலு? சகுனம் மேஸ்திரிக்குச் சொல்லியிருக்குது. வண்டிக்கு எதுக்கு அந்தத் தண்டனை?"

பெரியவர் முதலில் சிரித்தார். கோகுல்ராஜுக்கும் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் படுகை நனைந்துவிடும், தார் வெட்டு காத்திருக்காது. முதல் டிரெய்லர் சிக்காமல் கரையேறினால் வண்டி இருக்கட்டும். சிக்கினால் அங்கிருந்தே இரும்புக் கடைக்குப் போகட்டும் என்றான். கந்தம்மாள் சரி என்றார்.

கரூருக்கு நான் மட்டும் போனேன். மார்ட்டின் சின்னப் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

திருத்தம் சுலபம்தான், யோசித்த பிறகு. ஒன்றோடொன்று கடிக்கும் இரண்டு பல்சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றும். நடுவில் மூன்றாவதைப் போட்டால் கடைசியில் இருப்பது முதலாவது சுற்றும் பக்கமே சுற்றும். அந்த நடுச் சக்கரத்துக்குப் பெட்டியில் இடமில்லை. பெட்டியை அறுத்து, அகலப்படுத்தி, மறுபடி வெல்டிங் செய்து, அந்த ஒரு சக்கரத்துக்குப் பல் வெட்டினார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு வரவில்லை.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டதாகச் செய்தி வந்த அன்று மறுபடி வேலூருக்குப் போனார். இந்த முறை பூஜைக்கு யாரையும் கூப்பிடவில்லை. தட்டும் இல்லை. கந்தம்மாள் ஏறப் போனபோது மார்ட்டின் தடுத்தார்.

"பழம் வேணுங்க."

"வேண்டாங்க மேஸ்திரி. போன தடவ பட்டது போதும். நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு எதுக்கு?"

"சாமிக்கு இல்லைங்க. எனக்கு. பழத்த விடச் சீக்கிரம் சொல்றது எதுவுமில்ல."

இரண்டு எலுமிச்சம்பழம், முன் சக்கரங்களுக்கு மட்டும். அவரே வைத்தார். கந்தம்மாள் கிளட்சை விட்டார். இரண்டும் தட்டையாகின. மார்ட்டின் குனிந்து, பழத்தோல் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று விரலால் பார்த்தாராம். பிறகு போகச் சொன்னார்.

படுகையில் களி கணுக்கால் வரை இருந்தது. டிரெய்லரில் தார் ஏற்றி முடித்தபோது தூறல் போட்டது. கரைக்கு ஏறும் சரிவில் பின் சக்கரங்கள் ஒருமுறை சறுக்கின. கோகுல்ராஜ் கயிற்றோடு ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் முன் சக்கரங்கள் பிடித்துவிட்டன. வண்டி மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், மேலே ஏறி வந்தது. கந்தம்மாள் மேலே நிறுத்தி, திரும்பிப் பார்த்து, "கயிற வெச்சுட்டு தார இறக்கு சாமி" என்றார். இதை மார்ட்டின் வீட்டில் ஒரு முறைதான் சொன்னார். சொல்லும்போது அந்த "சாமி"யைக் கந்தம்மாளின் குரலிலேயே சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகள். பனமரத்துப்பட்டி ஏரி ஓரத்தில் ஒருவருக்கு, கழித்துப் போட்ட நெல் அறுவடை இயந்திரத்தின் ரப்பர் பட்டையைப் பின் சக்கரத்துக்குப் பதிலாக மாட்டிக் கொடுத்தார். அந்த வண்டி பின் சக்கரமே இல்லாமல் ஏரிச் சேற்றில் ஊர்ந்தது. எந்த வண்டியும் எலுமிச்சம்பழம் பார்க்காமல் பட்டறையை விட்டுப் போகவில்லை. விஷயம் சர்ச் வரைக்கும் போய், ஃபாதர் ஒருநாள் கோவில் வாசலில் இவரை நிறுத்தினார்.

"என்ன மார்ட்டின், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறியாமே?"

"டெஸ்டிங் ஃபாதர்."

"தேங்காயும் டெஸ்டிங்தானா?"

"தேங்கா பார்ட்டி உடைக்கறது ஃபாதர். அது அவங்க செலவு."

போன ஐப்பசியில், பட்டறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். மாரடைப்பு என்றார்கள். தரையில் பாதி வரைந்த முன் அச்சு இருந்தது. அடக்கத்தன்று பட்டறைக்கு வந்தவர்கள் நிற்க இடமில்லாமல் அதன் மேல்தான் நின்றார்கள்.

கந்தம்மாள் மறுநாள் வந்தார். பஸ்ஸில்தான். சேலை ஓரத்தில் களி காய்ந்திருந்தது. வீட்டில் மார்ட்டினின் போட்டோவுக்கு முன்னால் நின்றார். அழவில்லை, என்னையும் அழவிடவில்லை. காப்பி குடித்தார். நான் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. கோகுலு புதுசும் வாங்கிட்டானுங்க, போன தையில. ரெண்டும் நிக்குது."

"அப்ப நீங்க ஓட்டறதில்லையா?"

"அதெப்படிங்க? மேட்டுல அவன் ஓட்டறான். படுகையில அவனுது போன வாரம் சிக்கிருச்சு. நாந்தான் போய் இழுத்துட்டு வந்தேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "சிக்கினா கூப்புடுன்னு சொல்லியிருக்கறேன். கூப்புடறான்."

ஆற்றில் தண்ணீர் கூடிக்கொண்டிருக்கிறது, இருட்டும் முன் ஊருக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். வாசல் வரைக்கும் போனேன். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி வேகமாக நடந்தார்.