அம்மன் கடந்த தண்ணீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாக மனசுக்குள் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். ஆடியில் மழை பிடித்தால் எழுதிவிட வேண்டும் என்று தோன்றும். மழை விட்டதும் நமக்கெதற்கு என்று தோன்றும். நான் எட்டாவதோடு நின்றவள், எழுத்துக்கும் எனக்கும் அவ்வளவு பழக்கம் இல்லை. அதைவிடப் பெரிய காரணம், இது அம்மன் விஷயம். விளையாட்டாக எழுதிவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆனால் போன திருவிழாவில் ஒருவர் மைக்கில் இந்தக் கதையைச் சொன்னார். எங்கள் அம்மன் தானாகவே எழுந்து வெள்ளத்தைப் பிளந்துகொண்டு அக்கரைக்கு நடந்து போனாளாம். கூட நடந்தவள் நான். அதனால் இன்றைக்குக் காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நீலகிரியில் எமரால்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்குத் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமை பூசையும் அவர்தான் செய்வார். ஓடைக்கு இந்தப் பக்கம் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லைன் வீடுகள். அந்தப் பக்கம் ஃபாக்டரி, நர்ஸம்மா மருந்து கொடுக்கிற அறை, பஸ் வருகிற ரோடு. நடுவில் ஒரு தரைப்பாலம். நல்ல நாளில் தண்ணீர் பாலத்துக்குக் கீழே போகும், மழை நாளில் மேலே போகும். மேலே போகத் தொடங்கிவிட்டால் மழை விடுகிறவரை நாங்கள் தீவுக்காரர்கள்தான்.

அந்த ஆடியில் ஆபீஸ் ரேடியோவில் பெருமழை வரப்போகிறது, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னார்களாம். லைன் முழுக்க ஒரே பரபரப்பு. விறகை வீட்டுக்குள் அடுக்கினார்கள். கூரைத் தகரத்தின்மேல் கல் ஏற்றினார்கள். விளையாத உருளைக்கிழங்கைக்கூட அவசரமாகத் தோண்டி எடுத்துவிட்டார்கள், சேற்றில் அழுகுவதைவிடக் குழம்பில் வேகட்டும் என்று. எங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு. எட்டு வயசில் வெள்ளத்தைப் போல ஒரு பண்டிகை கிடையாது. பட்டாணி வறுத்துத் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். வெள்ளம் எப்போது வரும் என்று நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

எல்லாரும் சந்தோஷமாகப் பயந்துகொண்டிருந்தபோது ஒரு வீட்டில் மட்டும் உண்மையான பயம் இருந்தது. லைனின் கடைசி வீட்டில் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். சித்தி நிறைமாதம். முந்தின நாள் வந்து பார்த்த நர்ஸம்மா, குழந்தை குறுக்காகக் கிடக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, பாலம் முழுகுவதற்குள் ஊட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தியோ வர மாட்டேன் என்றுவிட்டாள்.

காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் சித்திக்கு ஒரு குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. ஓடையைத் தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள் அது நடந்தது. அதனால் இந்தத் தடவை வளைகாப்பு அன்றே அம்மன் முன்னால் மஞ்சள் துணி முடிந்து வாக்குக் கொடுத்திருந்தாள், பிள்ளை கைக்கு வருகிறவரை தண்ணீர் தாண்ட மாட்டேன் என்று.

நான் சித்தி வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் சித்தப்பா கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, சொல்றதைக் கேளு. நாளைக்குப் பாலம் முழுகிரும்."

"முழுகட்டுங்க. நான் அம்மன்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு."

"பாலத்து மேலதானே போறோம்? தண்ணி உன்ற காலுலயே படாது."

"போன வாட்டியும் பாலத்து மேலதானுங்க போனோம்."

சித்தப்பா எழுந்து நேராக எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்தார். நானும் பின்னாலேயே வந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, ஏன் அழறீங்க என்று கேட்டேன். அடுப்புப் புகை என்றார். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

அப்புறம் அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். என்னை வெளியே விரட்டிவிட்டதால் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அம்மாவின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. "திருவிழால அம்மன் தாண்டுன தண்ணியைத் தீர்த்தம்னு தலையில தெளிச்சுக்கறமா இல்லியா? தீர்த்தத்தைத் தாண்டுனா வாக்கு எப்படித் தப்பும்?"

எங்கள் லைனில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. திருவிழா அன்று அம்மனைச் சப்பரத்தில் வைத்து ஓடையைத் தாண்டி ஃபாக்டரிவரை கொண்டுபோவோம். அம்மன் தாண்டுகிறவரை அது ஓடை. அவள் தாண்டிவிட்டால் அன்று முழுக்க அது தீர்த்தம். அப்போது அதில் கால் வைக்க யாருக்கும் எந்தத் தடையும் கிடையாது. ஆனால் திருவிழா சித்திரையில். இதுவோ ஆடி. காரணமில்லாமல் அம்மனை எடுக்க முடியாது.

காரணம் என்ன என்பது கோயிலுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அம்மன் முன்னால் நின்று உரக்கச் சொன்னார்: "தாயீ, பெருவெள்ளம் வருதுன்னு சொல்றாங்க. கோயிலுக்குள்ள தண்ணி பூந்துருமோன்னு பயமா இருக்குது. மழை விடற வரைக்கும் அக்கரைல ஃபாக்டரில வந்து இருக்கறியா?"

எங்கள் கோயில் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. மூச்சு வாங்காமல் யாரும் அந்தப் படியேறியதில்லை. அங்கே தண்ணீர் ஏற வேண்டுமானால் முதலில் லைன் வீடுகள் எல்லாம் முழுகி, ஃபாக்டரியின் புகைக்கூண்டும் முழுகியிருக்க வேண்டும்.

"அப்பா, இவ்வளவு உசரத்துக்குத் தண்ணி எப்படி வரும்?" என்று நான் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அம்மா என் வாயில் ஒரு பெரிய வெல்லக்கட்டியைத் திணித்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திடீரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஆனாலும் அப்பா அம்மனைத் தொடவில்லை. உத்தரவு வாங்காமல் தூக்க மாட்டேன் என்று நின்றார். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் மடித்து நூல் சுற்றி, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு. எடுக்கிற கை குழந்தையின் கையாக இருக்க வேண்டும் என்பதால் என்னைக் கூப்பிட்டார். வெல்லம் ஒட்டிய கையோடு ஒன்றை எடுத்தேன். அப்பா சுற்றிய நூல் அவிழவே நேரமாயிற்று. சித்தப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளை.

பின்னொரு நாள் அப்பாவிடம், நான் சிவப்பை எடுத்திருந்தால் என்ன செய்திருப்பீங்க என்று கேட்டேன். "மறுக்காக் கேட்டிருப்பேன்" என்றார். மறுபடியும் சிவப்பு வந்திருந்தால்? "அவ ஒத்துக்கற வரைக்கும் கேட்டிருப்பேன் கண்ணு. தாய்கிட்டக் கேக்கறதுக்கு என்ன கணக்கு?"

அம்மா சித்தி வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். சித்தி சுவரில் சாய்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மனை அக்கரைக்கு எடுக்கறாங்க அம்மிணி. கோயிலுக்குள்ள வெள்ளம் வந்துருமாம். மாவிளக்கு எடுத்துட்டு அம்மனுக்கு அடுத்தாப்ல நடக்க வளைகாப்பு வளையல் போட்ட பொம்பளை வேணுமாம். இப்ப லைன்ல நீ ஒருத்திதான் இருக்கறே."

சித்தி திறந்திருந்த கதவு வழியாக வெளியே பார்த்தாள். பனிமூட்டம் விலகி மூடி விலகிக்கொண்டிருந்தது. அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா முகத்தை விளக்கு மாதிரி அசையாமல் வைத்திருந்தாள்.

"அம்மன் கூப்புட்டா போகோணுமில்லீங்க்கா" என்று சொல்லிவிட்டு சித்தி மெதுவாக எழுந்தாள். எழுந்தவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாவிளக்குக்கு மூட்டை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாயில் இன்னும் வெல்லம் இருந்தது.

ஊர்வலம் தூறலில் புறப்பட்டது. சப்பரத்தை நாலு பேர் தூக்கினார்கள், முன்னால் சித்தப்பா. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்கைச் சப்பரத்துக்கு மேலே விரித்துப் பிடித்தார்கள். சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு லைனே பின்னால் வந்தது. சிலோனிலிருந்து திரும்பி வந்த எதிர்வீட்டு அக்கா மட்டும் வாயை அடக்க முடியாமல், "இந்த மழையில ஃபாக்டரிக்குப் போறாவே எங்க ஆத்தா, இன்னைக்கு அவவுக்கும் பேர் போடுவாங்களோ?" என்றாள். அங்கே பேர் போடுவது என்றால் அன்றைய வேலையைக் கணக்கில் ஏற்றுவது. நாலு பேர் சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அப்பா திரும்பி முறைத்தார்.

பாலத்துக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் அதற்குள் பாலத்தின்மேல் ஏறி, செம்மண் நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது. கணுக்கால் அளவுதான். ஆனாலும் அதன் சத்தம் வேறு மாதிரி இருந்தது. சப்பரம் இறங்கி நடுப்பாலத்துக்குப் போய்விட்டது. சித்தி கரையிலேயே நின்றுவிட்டாள். கையில் மாவிளக்கு. அம்மா அதன்மேல் குடை பிடித்திருந்தாள். சித்தியின் இன்னொரு கை என் தோளில் இருந்தது. அந்தக் கை என் தோளை அழுத்திய அழுத்தம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

"போலாஞ் சித்தி" என்றேன்.

"இருடா கண்ணு" என்றாள்.

நடுப்பாலத்தில் சப்பரம் நின்றது. சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்கமாட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்பா மட்டும் திரும்பி வந்து, செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை ஓடையில் ஊற்றினார். கலங்கிய வெள்ளத்தில் அந்த மஞ்சள் எங்கே போனது என்றே தெரியவில்லை. அப்பா சித்தியைப் பார்த்துப் பேசவில்லை. அம்மனைப் பார்த்துத்தான் பேசினார்.

"தாயீ, நீ முன்னால நட. உன்ற புள்ள பின்னால வரும்."

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். என்னென்னவோ முணுமுணுத்தாள். அப்புறம் காலைத் தண்ணீரில் வைத்தாள்.

அக்கரை சேர்ந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சித்தப்பா சொல்லிவைத்திருந்தபடி ஃபாக்டரி லாரி தயாராக நின்றது. நர்ஸம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சித்தி மாவிளக்கை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள், சித்தப்பாவும் கூட ஏறிக்கொண்டார். அம்மனை ஃபாக்டரி மாடியில் தேயிலைக் கொழுந்து வாட்டுகிற இடத்தில், பச்சை வாசனைக்கு நடுவில் இறக்கி வைத்தார்கள். நாங்கள் அவசரமாகத் திரும்பினோம். பொழுது சாய்வதற்குள் மழை கொட்டத் தொடங்கி, பாலம் கண்ணுக்கே தெரியாமல் போனது.

அந்த மழை பல நாள் விடவில்லை. கடைசி வீட்டு வாசற்படிவரை தண்ணீர் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வறுத்த பட்டாணி தீர்ந்துபோனதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். ஊட்டியில் சித்திக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம் என்று ஃபாக்டரிக்காரர் ஒருவர் அக்கரையில் நின்று கத்திச் சொன்னார். இக்கரையில் எங்களுக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. கேட்டவரைக்கும் போதும் என்று அப்பா அங்கேயே சேற்றில் விழுந்து கும்பிட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகும் அப்பா அம்மனைத் திருப்பி எடுத்துவரவில்லை. அம்மன் தன்னோடு கூட்டிப்போனவளையும் சேர்த்துத்தான் திரும்பி வருவாள் என்று சொல்லிவிட்டார். சித்தி குழந்தையோடு வந்த அன்றுதான் சப்பரம் திரும்பியது. மேட்டுக்கு எல்லாரும் ஏறினோம். சித்தி படிக்குப் படி நின்று மெதுவாக ஏறினாள். கோயிலுக்குள் வந்து தரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மூலையில் ஒட்டடை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, உள்ளார தண்ணி எம்மட்டுக்கு வந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டாள்.

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா அவசரமாக மணியைத் துடைக்க ஆரம்பித்தார். "முழங்கால் மட்டுக்கு இருக்குமாட்ட இருக்குது" என்றார் சித்தப்பா.

"இடுப்பு மட்டுக்கு" என்றாள் அம்மா.

சித்தி ரொம்பக் கவலையாகத் தலையை ஆட்டினாள். "அப்பிடித்தான் இருக்கும். சுவத்துல ஒரு கறைகூட இல்லாம வடிஞ்சிருக்குது பாருங்க." அதைச் சொன்னவள் அடக்க முடியாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "சிரிக்க வெக்காதீங்க, தையல் வலிக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் சிரித்து அழுதாள். சித்தப்பா மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. அம்மன் எதிரிலேயே இத்தனை பொய் சொல்கிறார்கள், அம்மன் கண்ணைக் குத்தாமல் இருக்கிறாளே என்று. பெரியவர்கள் சித்தியை ஏமாற்றிவிட்டார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் வளையல் போட்டு, வயிற்றில் பிள்ளையோடு பயந்து உட்கார்ந்திருந்த காலத்தில்தான் புரிந்தது. தன் வீட்டு வாசலிலிருந்து தினமும் அந்த மேட்டை நிமிர்ந்து பார்த்தவள் சித்தி. வாக்கை மீறவும் முடியாமல், வழி கேட்கவும் முடியாமல் இருந்தவளுக்கு ஒரு லைனே சேர்ந்து வழி செய்தது. அவளும் ஒன்றும் கேட்காமல் அதை வாங்கிக்கொண்டாள்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்வதானால் ஒரு வேண்டுகோள். அம்மன் தானாக எழுந்து நடந்தாள் என்று சேர்க்காதீர்கள். எல்லாம் மனுஷர் செய்த தந்திரம் என்று சொல்லி அவளை விட்டுவிடவும் வேண்டாம். நாலு பேர் தூக்கினார்கள், அவள் முன்னால் போனாள், சித்தி பின்னால் போனாள். நடந்தது அவ்வளவுதான், அப்படியே சொல்லுங்கள்.