பூஜ்ஜியத்தில் நிற்காத உருளை

எங்கள் சித்திக்குக் குடும்பத்தில் ‘முக்கால்’ என்று பெயர். வைத்தவர் சித்தப்பா. சமையலறைக்கு நானே வர்ணம் அடிக்கிறேன் என்று தொடங்கி, அலமாரிப் பக்கம் வந்ததும் விட்டுவிட்டாள். கார் ஓட்டப் பழகினாள். பின்னால் எடுப்பது மட்டும் பாக்கி. தனக்கென்று தைக்க ஆரம்பித்த கோட்டு ஒரு கை இல்லாமல் பல வருடமாக ஆணியில் தொங்குகிறது. “ஒரு கை போதும், இன்னொரு கையிலதான் குடை பிடிப்பியே” என்பார் சித்தப்பா.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக.

அவள் தையற்காரி. பள்ளிச் சீருடை, அலுவலகச் சட்டை, திரைச்சீலை என்று ஊருக்குத் தைத்துக் கொடுத்ததில் ஒரு பொத்தான்கூடப் பாக்கி வைத்ததில்லை. தனக்கென்று எடுத்த வேலைகள்தான் நின்றுபோயின. அவை நின்ற இடங்களில் எல்லாம் யாராவது ஒருவர் கையில் துணியோடு, “அவசரம்” என்று சொல்லிக்கொண்டு வந்திருப்பார். அவளுக்கு இல்லை என்று சொல்ல வராது.

மெஷின் வீட்டுக்கு வந்த கதையும் ஒரு திரைச்சீலையில்தான் தொடங்குகிறது. ஒரு விளையாட்டுக் கூடத்தை மூடி உணவகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனவள், மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற ஒரு பழைய பின்பால் மெஷினைக் கண்டாள். கண்ணாடி போட்ட சாய்வு மேசை. உள்ளே ஓர் எஃகுப் பந்து. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் பந்து மேலே ஏறி, அங்கங்கே முட்டி மோதி மணியடித்துக்கொண்டு இறங்கும். அது அடியில் உள்ள பள்ளத்தில் விழாதபடி இரண்டு சின்னத் துடுப்புகளால் தட்டி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தலைமாட்டுப் பெட்டியில் எண் எழுதிய உருளைகள் சுழன்று புள்ளி காட்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய சாமான். கணக்குப் பார்ப்பதெல்லாம் ஒரு மோட்டாரும், கம்பிச் சுருள்களும், தொட்டு விலகும் செப்புத் தகடுகளும்தான். குப்பைக்குப் போகப்போகிறது என்றார்கள். சித்தி அதன் பின்கதவைத் திறந்து பார்த்தாள்.

“ஒவ்வொரு கம்பிக்கும் நூல்ல சட்டை போட்டிருக்குக்கா” என்று அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். “சிவப்புல வெள்ளைக் கோடு, பச்சையில மஞ்சக் கோடு. எல்லாத்தையும் ஒண்ணா சேத்து மெழுகு நூலால கட்டியிருக்காங்க. முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளி. எவளோ நல்லா தைக்கத் தெரிஞ்சவ கட்டியிருக்கா. அதைப் போய் எப்படிக்கா குப்பையில போட விடுறது?”

“அதுக்காக? உன் வீட்டுக்காரரைக் கட்டில்லேர்ந்து இறக்கிட்டு அதைப் படுக்க வெக்கப்போறியா?”

கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. துணி வெட்டும் மேசையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கூடத்தின் நடுவில் மெஷினை நிறுத்தினாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் நாளெல்லாம் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பவர் சித்தப்பா. வீட்டுக்கு வந்தால் கூடத்துக் கட்டிலில் காலை நீட்ட வேண்டும். நீட்டினால் பின்பாலின் கால் இடித்தது.

“பள்ளிக்கூடம் திறக்கப்போகுது. திங்கக்கிழமை சீருடைத் துணி வந்து இறங்கும், மேசையைப் பிரிச்சாகணும்” என்றார். “அதுக்குள்ள ஓடுச்சுன்னா இருக்கட்டும், என் கட்டிலைக்கூட நடையில போட்டுக்கறேன். ஓடலைன்னா ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துக்கிட்டுப் போவார்.”

“சரி.”

“இப்பவே அவர்கிட்ட சொல்லி வெக்கட்டுமா?”

“தாராளமா சொல்லுங்க” என்றாள் சித்தி. நூலைப் பல்லால் கடித்து அறுப்பது போல இருந்தது அந்தப் பதில்.

எரிந்துபோன ஃபியூஸை மாற்றியதும் விளக்குகள் வந்துவிட்டன. துடுப்புகள்தான் சோம்பலாக அசைந்தன. உருளைகள் இறுகிக் கிடந்தன. தையல் மெஷின் இப்படி முரண்டு பிடித்தால் ஒரு தையற்காரி என்ன செய்வாளோ, அதையே செய்தாள். மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியை எடுத்து, கண்ணில் பட்ட இடமெல்லாம் ஊட்டினாள். அன்று மாலை மெஷின் குழந்தை மாதிரி ஓடியது. சித்தப்பாவே நாலு பந்து ஆடினார்.

இரண்டு நாளில் தீய்ந்த வாடை. மணி ஊமையானது. துடுப்புகள் செத்துப்போயின. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு தகட்டைத் தொட்டுப் பார்த்தவளின் விரலில் கண்மை போல ஒட்டியது. அந்தத் தகடுகள் தொட்டு விலகும்போதெல்லாம் சின்னதாக ஒரு பொறி பறக்கும். பொறியில் எண்ணெய் கருகி, கரி படிந்து, மின்சாரம் போகிற வழியை அடைத்துவிட்டது.

“முக்கால் வந்தாச்சு போலிருக்கே” என்றார் சித்தப்பா, சட்டையைக் கழற்றியபடி.

சித்தி, சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற கேன்வாஸ் துணியைக் குறுக்கே நாடா நாடாக வெட்டினாள். ஒரு நாடாவை இரண்டு தகடுகளுக்கு நடுவில் விட்டு, விரலால் அமுக்கி, மெதுவாக இழுத்தாள். கறுப்பாக வந்தது. இன்னொரு நாடா. சாம்பல் நிறம். இன்னொன்று. வெள்ளை. அடுத்த ஜோடி. ஞாயிறு வரை இதேதான். கிழிந்த கால்சட்டைகளும் பிரிந்த ஓரங்களும் பகலில். அவை முடிந்த மிச்ச நேரமெல்லாம் அந்தத் திறந்த பெட்டி. தரையில் கறுத்த நாடாக்கள் காக்கை இறகு மாதிரி சேர்ந்தன.

ஞாயிறு காலையில் தொடக்கப் பொத்தானை அமுக்கினாள். அமுக்கியதும் மோட்டார் சுழன்று, உருளைகள் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாம் வந்தபின் மோட்டார் நின்று, பந்து ஆட்டத்துக்கு வரும். மூன்று உருளைகள் வந்து அடக்கமாக நின்றன. நாலாவது மட்டும் பூஜ்ஜியத்தைப் பார்த்தது, தாண்டியது, ஒன்று, இரண்டு என்று மறுபடி கிளம்பியது. அதற்காகக் காத்திருந்து மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது.

வாசலில் கைவண்டி நின்றது. பழைய இரும்புக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“சத்தம் வருதே! ஓடுற சாமானையா போடுறீங்க?”

“ஓடுது. நிக்கத்தான் மாட்டேங்குது” என்றார் சித்தப்பா. “உக்காருங்க, டீ குடிச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போகலாம்.”

அவர் டீயை ஊதிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்தாள், கையில் அலுவலகக் கோட்டுடன். மறுநாள் மேலதிகாரிகள் வருகிறார்கள், கோட்டின் உள்துணி முழுக்கப் பிரிந்துவிட்டது.

“ஏய், இதைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுடி. அவசரம்.”

சித்தி மெஷினுக்குள் தலையை விட்டிருந்தாள். “இப்ப முடியாதுக்கா.”

“என்னது?”

“சாயங்காலம் தரேன். அங்க வை.”

“ஒரு அரை மணி நேர வேலைடி!”

“எனக்கும் ஒரு அரை மணி நேர வேலைதான்.”

அம்மா கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு, “இவளுக்கு என்ன ஆச்சு?” என்று கண்ணால் சித்தப்பாவைக் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார். என்றாலும் இரும்புக்காரரின் காலி டம்ளரை வாங்கி, “இன்னொரு டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டது அவர்தான்.

சித்தி பிளக்கைப் பிடுங்கினாள். நின்ற உருளைகளில் ஒன்றைக் கையால் மெல்லத் திருப்பினாள். பூஜ்ஜியம் வரும் இடத்தில் உருளையோடு சுற்றும் ஒரு சின்ன முட்டு, ஒரு தகட்டைத் தூக்கி மற்றதிலிருந்து பிரித்தது. பிரிந்தால்தான் உருளைக்கு நிற்கத் தெரியும். அடுத்து நாலாவதைத் திருப்பினாள். முட்டு வந்தது, தகட்டைத் தூக்கியது. ஆனால் மற்ற தகடும் கூடவே வளைந்து எழுந்து ஒட்டிக்கொண்டே நின்றது.

“அடக் கடவுளே, நான்தான்” என்றாள்.

“நீதான் என்ன?” என்றார் சித்தப்பா.

“துடைக்கும்போது எல்லாத்தையும் நல்லா அமுக்கி விட்டேன். இடைவெளியைக் கண்டாலே எனக்கு ஆகாதுங்க, தையல் விட்ட மாதிரி தோணும். இதுக்கு இடைவெளி வேணும்.”

கேன்வாஸ் நாடா ஒன்றை இரண்டாக மடித்துத் தகடுகளுக்கு நடுவே செருகினாள். உருளையைப் பூஜ்ஜியத்தில் பிடித்துக்கொண்டு, அந்தத் தடிமன் விலகும் வரை கீழ்த்தகட்டை இடுக்கியால் ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாக வளைத்தாள். நாடாவை உருவினாள். பிளக்கைச் செருகினாள். இரும்புக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

பொத்தான்.

மோட்டார் உறுமியது. உருளைகள் கடகடவென்று வந்தன. ஒன்று நின்றது. இன்னொன்று. மூன்றாவது. நாலாவது எட்டு, ஒன்பது என்று நடந்து, பூஜ்ஜியத்தில் கால் வைத்து, நின்றது. மோட்டார் அடங்கியது. ஒரு நல்ல கவிதையின் கடைசி வரிக்குப் பிறகு வருமே, அப்படி ஓர் அமைதி. அதை உடைத்துக்கொண்டு ‘டொக்’ என்று பந்து வந்து ஸ்பிரிங்கின் முன் உட்கார்ந்தது.

“வந்துடுச்சு!” என்று கத்தியவர் சித்தப்பா. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். நாற்காலியில் இருந்த அம்மாவின் கோட்டு தரையில் விழுந்து கிடந்தது; அம்மாவே அதை எடுக்கவில்லை.

முதல் பந்து துடுப்புகளுக்கு நடுவே நேராகப் பள்ளத்தில் விழுந்தது. “போச்சு!” என்றார் இரும்புக்காரர், தன் சொத்து போனது போல. இரண்டாவது பந்தில் மணிகள் மூன்றும் பேசின. மூன்றாவதில் உருளைகள் ஒன்றையொன்று துரத்தின. இரும்புக்காரர் மேசையின் ஓரத்தைப் பிடித்து, “இப்படிச் சாச்சு விடுங்கம்மா, இப்படி!” என்று பதற, “தொடாதீங்க!” என்று சித்தப்பா அவர் கையை விலக்கினார். தூக்கிக்கொண்டு போக வந்தவர், கைவண்டி நடுத்தெருவில் நிற்பதை மறந்துபோனார். வெளியே யாரோ ஹாரன் அடித்துப் பார்த்து அலுத்துப் போனார்கள்.

கடைசிப் பந்து ஸ்பிரிங்கின் முன் வந்து உட்கார்ந்தது. அதற்குள் அம்மா மெஷினின் பக்கவாட்டுக்கு வந்திருந்தாள். மெதுவாகக் கையை நீட்டினாள்.

“ஏய், இந்த ஒண்ணை மட்டும் நான் அடிக்கறேன்டி.”

“கையை எடு, அக்கா” என்றாள் சித்தி, கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல். அவள் முகத்தில் விளக்குகள் சிவப்பும் மஞ்சளுமாக ஓடின. “இது என் ஆட்டம். முடிச்சிட்டுத் தரேன்.”

ஸ்பிரிங்கை முழுக்க இழுத்து, விட்டாள்.