ஒரு சுண்டுத் தவிடு

என் புத்தக அலமாரியின் மூன்றாம் தட்டில், தத்துவ நூல்களுக்கும் சமையல் குறிப்புகளுக்கும் நடுவே ஒரு பழைய பால்டின் இருக்கிறது. வாயோரம் கையைக் கிழிக்காதபடி தட்டி மழுக்கப்பட்டது. ஒட்டியிருந்த தாள் எப்போதோ உரிந்து, துருவின் நிறமே அதன் நிறமாகிவிட்டது. எங்கள் தோட்டப்பக்கத்தில் அரிசி அளக்கிற சுண்டு என்பது பெரும்பாலும் இதுதான்: பாலைக் குடித்துவிட்டு டின்னை அளவையாக்கிக்கொள்வோம். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "என்னங்க இது, பேனா போட்டு வைக்கவா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, இது என் விலை" என்பேன். சிரிப்பார்கள். வேடிக்கையாகப் பேசுகிறவள் என்று ஊரில் ஒரு பெயர் இருப்பதால், உண்மையைச் சொல்லிவிட்டுத் தப்பிக்கிற வசதி எனக்கு உண்டு.

எனக்கு முன்னே அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் ஒரு வயதைக் காணவில்லை. நாலாவதாக நான் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்தபோது, யாரும் பெரிதாக ஆசை வைக்கவில்லை என்று கேள்வி. திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து முன்னோர்கள் மூட்டையோடு மூட்டையாகக் கட்டிவந்த வழக்கம் ஒன்று அப்போது கைகொடுத்தது. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைச் சொளகில் கிடத்தி இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். எமன் வாசலில் வந்து நின்று "எங்கே உன் பிள்ளை?" என்று கேட்டால், "எனக்கேது பிள்ளை, அது அவளோடது" என்று கையை விரித்துவிடலாம். எமனையே இவ்வளவு சுலபமாக ஏமாற்றத் தெரிந்தவர்கள், துரையையும் கங்காணியையும் ஏன் ஒருமுறைகூட ஏமாற்றாமல் விட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது வந்ததும் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை வாய் தவறியும் "எம்புள்ள" என்று சொல்லக்கூடாது.

என்னை வாங்கியவர் ஆயாம்மா. பெண்கள் கொழுந்து பறிக்கப் போகையில் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். தனக்கென்று பிள்ளை இல்லாதவர். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். பிள்ளைகளுக்குப் பால்மா அளக்கிற டின்னில் ஒரு சுண்டுத் தவிட்டைக் கொண்டுவந்து என் காலடியில் கொட்டி, சொளகோடு என்னைத் தூக்கிக்கொண்டு லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இந்தாடி, எம்புள்ளய பத்தரமா வளத்துக் குடு" என்று அம்மாவிடமே ஒப்படைத்தாராம். ஆக, பிறந்த பதினாறாம் நாளே நான் சொந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்டேன். இன்றைக்கும் எந்த வீட்டிலும், என் வீட்டிலும்கூட, நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறேன். எப்போது யார் எழுந்திருக்கச் சொல்வார்களோ என்று முதுகுக்கு ஒரு சந்தேகம்.

அம்மா அந்த விலக்கை ஒரு விரதம்போலக் காத்தாள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் யாராவது, "இது ஒன் மகளாடி? மூக்கு அப்புடியே ஒன்னோடது" என்றால் போதும், குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஆயா வீட்டுப் புள்ளக்கா. சும்மா நம்ம கிட்ட கெடக்கு" என்பாள். எனக்குப் பின்னால் தம்பி பிறந்து, தங்கி, கொழுத்தான். அவனை ஊர் கேட்க "எம்மவனே, எஞ்சாமி" என்று கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூசாரி அர்ச்சனைக்குப் பெயர் கேட்பார். அம்மா முதலில் அப்பா பெயரைச் சொல்வாள், தம்பி பெயரைச் சொல்வாள், தன் பெயரைச் சொல்வாள். பசுமாட்டுக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை மாட்டின் பெயரையும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டு, வரிசையில் மாட்டுக்கு அடுத்தாவது நான் வருவேனா என்று காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கதை வேறு. ஆயாம்மா என் தலையில் எண்ணெய் வழிய வாரிவிட்டுத் தோட்டத்து மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவார். மாதா சுருபத்தின் முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றி, என் பெயரை உரக்கச் சொல்லி, "தாயே, இந்தப் புள்ள ஒம் பொறுப்பு" என்பார். என் பெயர் சொல்லப்பட்ட ஒரே சந்நிதி அதுதான். வெள்ளிக்கிழமை விபூதி, ஞாயிற்றுக்கிழமை தீர்த்தம். இரண்டு கடவுளரிடமும் கணக்கு வைத்திருந்தவள் பின்னாளில் புத்தகம் படித்து இருவரையுமே கைவிட்டேன். இப்போது மேடையில் கடவுள் இல்லை என்று பேசிவிட்டு, வீட்டுக்குத் திரும்புகிற பஸ் வளைவில் சாய்கிறபோது மாரியாத்தா, மாதா என்று இரண்டு பேரையும் கூப்பிடுகிற ரகம்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தலைமை ஆசிரியர் யாழ்ப்பாணத்தார். கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "பிள்ளையின்ரை தாய் ஆர்?" என்று கேட்டார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அவங்க பிள்ளைக் காம்பராவுல இருக்காங்க ஐயா" என்றாள். "அப்ப நீங்கள் ஆர்?" "நான் கூட்டியாந்தவ." அவர் ஒருமுறை என் மூக்கைப் பார்த்தார், ஒருமுறை அம்மாவின் மூக்கைப் பார்த்தார். படிவத்தில் பாதுகாவலர் என்று இருந்த இடத்தைக் காட்டினார். அம்மா அங்கே பெருவிரலை வைத்தாள். மீட்கிற நாள் வந்ததா, வந்து போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு சுண்டுத் தவிடு கொடுத்து மீட்கிற அளவுக்குக்கூட நான் பெறுமதியில்லை போலும் என்று எனக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அந்த முடிவின் மேல்தான் மிச்ச வாழ்க்கையைக் கட்டினேன். எனக்குப் பத்து வயதில் ஆயாம்மா பண்டாரவளைப் பக்கம் தன் தம்பி வீட்டோடு போய்விட்டார். என் சொந்தக்காரியும் போய்விட்ட பிறகு, நான் யாருக்கும் இல்லாத சரக்கானேன்.

பிறகு படித்தேன். பதுளையில் வேலை கிடைத்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்கு "தாயின் பெயர் என்ன, சரியாகச் சொல்லுங்க" என்று அதட்டுகிற வேலை. விதிக்கும் நகைச்சுவை உண்டு. கல்யாணமாகி என் மகள் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த, உள்ளங்கை நீளக் கால்களை உடைய அந்த மஞ்சள் பூச்சியைக் காட்டி, "இது உங்க பேபிதானே?" என்று தாதி கேட்டார். அந்த மாதம்தான் மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி முடித்திருந்தேன். என் வாய், என்னைக் கேட்காமல், "இல்ல, என்னோடது இல்ல" என்றது. "அப்ப நாங்களா பெத்தோம்?" என்று தாதி சிரித்தார். மயக்க மருந்தின் வேலை என்று பின்னர் எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே அம்மாவைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். படித்தவர்களுக்கு எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கும்; அடிக்குறிப்புப் பார்க்க வேண்டுமல்லவா?

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்பா போய்ச் சேர்ந்து, தம்பி வெளிநாடு போனதிலிருந்து அவள் என்னோடுதான் இருக்கிறாள். அவளை விசாரிக்கிறவர்களிடம், "ஆயா வீட்டுப் புள்ள கூட இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு. ஒப்பரேசன் செய்யாவிட்டால் படுக்கைதான், செய்தால் இந்த இதயத்தை நம்பி ஒன்றும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். சம்மதப் பத்திரத்தில் உறவு என்ற இடத்தில் நான் 'மகள்' என்று எழுதினேன். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மா எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள்.

"என்னா எழுதுன?"

"எழுத வேண்டியதத்தான் எழுதுனேன்."

"அப்புடி எழுதாத. வேற எழுது."

"வேற என்னத்தம்மா எழுத?"

"தெரிஞ்சவங்கன்னு எழுது."

தாதி எங்களிருவரையும் மாறி மாறிப் பார்த்து, "வீட்ல பேசி முடிவு பண்ணுங்க, மூணு நாள் இருக்கு" என்றார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த மேசையில் அம்மா கண்ணை மூடிவிட்டால், நான் கடைசிவரை தெரிந்தவளாகவே நின்றுபோவேன். ஒரே ஒரு தடவை, ஒரு தாதிக்காவது, அவள் வாயால் "எம்மக" என்று சொல்லிக் கேட்டுவிட வேண்டும். அதற்கு வழக்கப்படி என்னை மீட்டாக வேண்டும். மறுநாள் காலை, பகுத்தறிவைத் தாதியிடம் ஒப்படைத்துவிட்டு, பதுளைக் கடைத்தெருவில் தவிடு கேட்டேன்.

"மாட்டுக்கா, கோழிக்கா?"

"எனக்கு."

"சீனி வருத்தமா?" என்றார் கடைக்காரர், நீரிழிவுக்காரியைக் கண்ட இரக்கத்தோடு. "இப்ப நெறயப் பேரு வாங்கித் திங்கிறாங்க."

பண்டாரவளை பஸ்ஸில் மடியில் தவிட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தேன், வழக்கம்போல் நுனியில். ஆயாம்மாவின் தம்பி மகன் வீடு, முட்டைக்கோசு விளைகிற கோவாத் தோட்டங்களுக்கு நடுவே. வெயிலில் பாய் விரித்து ஆயாம்மா, இறகு பறித்துப் போட்ட கோழிக்குஞ்சு மாதிரி சுருங்கி உட்கார்ந்திருந்தார். "யாரு, தவிடா?" என்றார். அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். வந்த விஷயத்தைச் சொன்னேன். பையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"ஒன்னயத் தூக்கச் சொளகு காணாதுடி. லொறிதான் வேணும்."

"வெளயாடாதீங்க ஆயாம்மா. தவிட்ட வாங்கிக்கிட்டு, குடுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"எத்தன தரம்டி குடுக்குறது? அவதான் அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாளே."

"யாரு?"

"ஒங்கம்மாதான். ஒன்னய இஸ்கூலுக்குச் சேக்குறதுக்கு மொத நாளு. விடியக்காலம், பேர் குடுக்குற பெரட்டுக்குப் போறதுக்கு முந்தியே, தூங்கிக்கிட்டிருந்த ஒன்னயத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, அதே டின்னுல தவிட்டக் கொட்டிட்டு மீட்டுக்கிட்டுப் போனா. பாதி வழி போனவ திரும்பி ஓடியாறா. 'அக்கா, எம்புள்ளன்னு ஒருக்கா மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன், எமன் பின்னாலயே வர்ற மாதிரி இருக்கு. வேணாம்க்கா. யாரு கேட்டாலும் ஒங்க புள்ளன்னே சொல்லுங்க'ன்னா. மாதா படத்து மேல சத்தியம் வாங்கிட்டுத்தான் போனா."

 தவிட்டுப் பையின் முடிச்சை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே, "ஆனா நீங்க ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எனக்கு மெழுகுதிரி ஏத்துனீங்களே" என்றேன்.

"ஏன்டி, வாராவாரம் மெழுகுதிரி கொளுத்த நான் என்ன தொரை பொண்டாட்டியா? அவ முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து குடுப்பா. மாரியாத்தா கிட்ட ஒம் பேரச் சொன்னா எமன் காதுல விழுந்துருமாம். மாதா வேற எடமாம், அவங்களுக்குள்ள பேச்சுவார்த்த இல்லயாம்."

உள்ளே போய், கட்டிலுக்கடியிலிருந்து இந்த டின்னை எடுத்துவந்தார். செபமாலையும் சட்டைப் பொத்தான்களும் இருந்தன. அவற்றை மடியில் கொட்டிவிட்டு, நான் கொண்டுபோன தவிட்டை அதில் நிரப்பி என் கையில் கொடுத்தார். "எனக்கெதுக்கு? வீட்டுல ஒரு கோழி கூட இல்ல" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது வருடமாகப் பாடுபட்டு வளர்த்த மனக்குறையை ஒருவர் வெயில் காய்ந்துகொண்டே பிடுங்கிவிட்டால், மனுஷி எங்கே போவாள்? அதை நம்பித்தான் நான் எழுதினேன், சிரித்தேன், நுனியில் உட்கார்ந்தேன். அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எல்ல என்கிற ஊரின் மலைவளைவுகளில் ஒத்திகை பார்த்தேன். எல்லாம் நல்ல வசனங்கள். ஒன்றுகூடப் பயன்படவில்லை.

ஒப்பரேசன் காலையில், பைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த டின்னை அம்மா கண்டுகொண்டாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த நாணமோ கண்ணீரோ இல்லை, பயம். தள்ளுகட்டில் வாசலில் நிற்கிறது, கதவுக்கு அந்தப்பக்கம் யார் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். "இத ஏன் இங்கன கொண்டாந்த? மூடு, மூடு" என்றாள். தாதி பத்திரத்தை நீட்டி, "மகளா, தெரிஞ்சவங்களா? முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டார். அம்மாவின் கண் என் பேனாவில் இருந்தது. நான் 'மகள்' என்பதை வெட்டினேன். தாதி தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னா எழுதுன?"

"தெரிஞ்சவங்கன்னுதான் எழுதுனேன்."

"ம்" என்று மூச்சை விட்டாள். "நல்ல புள்ள. போய்ச் சாப்புடு."

கதவு மூடிக்கொண்டது. மூன்று மணி நேரம் வெளியே வாங்குப் பலகையின் நுனியில் உட்கார்ந்து இரண்டு கடவுளரையும், ஒருவருக்கொருவர் கேட்டுவிடாதபடி, மெல்லக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். இப்போது நாலுகால் ஊன்றுகோலோடு வீட்டைச் சுற்றி வந்து என் சமையலைக் குறை சொல்கிறாள். போன மாதம் கொழும்பில் படிக்கிற என் மகள் விடுமுறைக்கு வந்தாள். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டம்மா, "உங்க மகளா? என்ன அழகு!" என்றார். "நமக்கேதுங்க பிள்ளை, சும்மா வந்து போகுது" என்றேன். மகள் என்னை முறைத்தாள். அந்த முறைப்பை நான் அறிவேன். நாற்பது வருடம் நானே முறைத்தது. அவளிடம் ஒருநாள் விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் நினைக்கிறேன். உள்ளேயிருந்து அம்மா, என் பதிலைக் கேட்டுவிட்டு, திருப்தியாகத் தொண்டையைச் செருமினாள்.

டின்னை ஒருமுறை காலியாக்கிக் கழுவிக் கவிழ்த்தேன். அன்றைக்கு மகள் ஏறின பஸ் கொழும்பு போய்ச்சேர இரண்டு மணி நேரம் பிந்தியது. அதிலிருந்து நிரப்பியே வைத்திருக்கிறேன். தவிட்டில் சீக்கிரம் பூச்சி விழுகிறது. மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. கடைக்காரர் இப்போதெல்லாம் மாட்டுக்கா, கோழிக்கா என்று கேட்பதில்லை. என்னைக் கண்டதும் ஒரு சுண்டு அளந்து வைத்துவிட்டு, "சீனி கொறஞ்சிருக்கா?" என்று மட்டும் விசாரிக்கிறார்.