கன்னத்துக்குள் ஒரு வெளிச்சம்

போன வாரம் பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்காக இல்லை... வலியசாலையில் என் பக்கத்து வீட்டுக்காரர் இசக்கியப்பனுக்காக. வள்ளியூர்க்காரர். கிழக்கேகோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.

கன்னத்தின் உட்பக்கம் சிவந்து, புண்ணாகி, மாதக்கணக்கில் ஆறவில்லை. "சின்னதா வெட்டி டெஸ்டுக்கு அனுப்பணும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து மனிதர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. தம்பியை வாய்ப் புற்றுநோயில் பறிகொடுத்தவர். பயம் வராதா? மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார். கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன்.

அங்கே மலையாளியான ஓர் ஆராய்ச்சி மாணவி. கையில் பேனா மாதிரி ஒரு குழல், நுனியில் வெளிச்சம். அதைப் புண் மேல் வைத்தால், திரும்பி வரும் ஒளியைக் கம்ப்யூட்டர் பிரித்து, கோடாக வரைகிறது. அழற்சி உள்ள இடத்தில் ரத்தம் அதிகம் — கோடு வேறு மாதிரி வளையுமாம்.

"பேடிக்கண்டா சேட்டா, பயப்படாதீங்க. வேதனை ஒண்ணும் இருக்காது," என்றாள்.

வேதனை இல்லைதான். ஆனால் இசக்கியப்பன் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த நோயாம்மா?"

"வெறும் அழற்சி மாதிரிதான் தெரியுது. பக்ஷே, இந்த மெஷினை இன்னும் பரீட்சை பண்ணிட்டுதான் இருக்கோம். இதை வெச்சு உறுதியா சொல்ல முடியாது. பயாப்ஸி வேணும்."

ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ... வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், "வெட்டட்டும் அண்ணாச்சி," என்றார்.

நேற்று ரிசல்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. உடைந்த கடைவாய்ப்பல் உரசி உரசி வந்த அழற்சி. பல்லைச் சரிசெய்தால் ஆறிவிடும்.

வீட்டு வாசலிலேயே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். நானும் கூட நின்றேன். அந்த அம்மா அதிர்ச்சி அடையவில்லை.

"தெரியும்," என்றார். "பின்னே, இத்தன நாளா கொழம்புல காரத்த எதுக்குக் கொறச்சேன்னு நெனச்சிய? நீங்களா சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பயத்தை மறைத்தால் வீட்டில் மற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். இருக்கிறார்களா என்ன? ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

சேர்ந்தாவது பயந்திருக்கலாம்.