நான்கு பவுண்டு குறைவு

டென்னிஸ் மட்டைக்கான நரம்பின் நடுப்பகுதியைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி, இரு நுனிகளையும் உள்ளங்கைகளில் சுற்றிக்கொண்டு, அறையின் மறுகோடியில் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறார் ஸ்டிரிங் அக்கா. சுருளாகவே பெட்டியில் கிடந்து வந்த நரம்பு, இப்படி ஒரு நிமிடம் இழுபட்டால் சுருள் போய் நேராகும். அந்த ஒரு நிமிடத்தில் வெளியிலிருந்து யாரும் கதவைத் திறக்கக் கூடாது. ஒருமுறை கிளப் செயலாளர் திறந்தார். அக்கா அறையின் முழு நீளத்துக்கும் இழுத்து வரப்பட்டு, செயலாளரின் மேல் போய் நின்றார். இருவரும் அதைப் பற்றி இதுவரை பேசியதில்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. டென்னிஸ் ஆடத் தெரியாது. செருப்புத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் மேல்தோல் தைத்தவர். அது மூடப்பட்டதும் கிளப்பில் பெருக்கித் துடைக்க வந்தார். மட்டை கட்டும் மிஷின் ஒன்றை யாரோ வாங்கிப் போட்டு, படித்தவர்கள் நான்கு பேர் முயன்று, நான்கு மட்டைகளை உடைத்திருந்தார்கள். அக்கா கையேட்டின் படங்களைப் பார்த்தே கட்டினார். உடையவில்லை. துடைப்பம் வேறு கைக்குப் போயிற்று.

ஒரு மட்டைக்கு இருபத்தேழு நிமிடம். நெடுக்கில் பதினாறு, குறுக்கில் பத்தொன்பது. குறுக்கு வரிசையைக் கோர்த்ததும் இறுக்க மாட்டார். அடுத்த வரிசையையும் கோர்த்துவிட்டுத்தான் முந்தையதை இறுக்குவார். “இறுக்கிட்டு கோத்தீங்கன்னா விரல் தேஞ்சுடும். தொளதொளன்னு இருக்கறப்பவே பக்கத்து வரிசைய உள்ள விட்டுடணும்” என்பார். நரம்பை இழுக்கும்போது கையை விசிறிபோல அசைத்துக்கொண்டே இழுப்பார். ஒரே இடத்தில் உரசினால் சூட்டில் நரம்பு அறுபடும். மிஷினின் கைப்பிடியை எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றுவார். அவசரமாகச் சுற்றினால் ஓர் இறுக்கம், ஆற அமரச் சுற்றினால் இன்னோர் இறுக்கம் வந்துவிடுமாம். “வேகமா கட்டறதுல என்ன இருக்கு? திங்கக்கிழமை கட்டினதும் சனிக்கிழமை கட்டினதும் கூடப் பொறந்த மாதிரி இருக்கணும்.”

பஸ் ஓட்டும் கணவர் அந்த மிஷினை “உன் சக்களத்தி” என்றுதான் சொல்வார். ஊருக்குப் போன இடத்திலிருந்து போன் பேசினால்கூட முதலில் அவளைத்தான் விசாரிப்பார்.

போன மாதக் கடைசியில் கிளப்பில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கான போட்டி நடந்தது. அரையிறுதியில் பல் டாக்டரும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் மோதினார்கள். இருவரும் சம்பந்திகள், டாக்டரின் மகளைத் தலைமையாசிரியரின் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து ஆறு வருடமாக டாக்டர் அவரிடம் தோற்றுக்கொண்டிருந்தார். இந்த வருடம் ஜெயித்தார். தலைமையாசிரியர் அடித்த பந்துகள் ஒன்று விடாமல் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தன.

இரண்டு நாள் கழித்து, ஒன்றாம் தேதி, அக்கா வழக்கம்போல வில் தராசை மாட்டி மிஷினைச் சோதித்தார். ஐம்பத்திரண்டு பவுண்டு இறுக்கம் வைத்தால் தராசு நாற்பத்தெட்டு காட்டியது. மறுபடி மாட்டினார். நாற்பத்தெட்டு. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மாட்டினார். தராசு மனம் மாறவில்லை. நடுவில் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் மிஷினைத் தூக்கி வைத்தது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்தே கட்டி முடித்த நரம்பைச் சுண்டினால் சத்தம் ஒரு பிடி தணிந்துதான் கேட்டது. வயதாகிறது, காது மந்தமாகிவிட்டது என்று நினைத்திருந்தார்.

மிஷினைச் சரி செய்தார். பிறகு அட்டைப் பெட்டியைத் திறந்தார். கட்டிய ஒவ்வொரு மட்டைக்கும் தேதி, ஆள், இறுக்கம் எழுதிய அட்டை உண்டு. வெள்ளையடித்த பிறகு ஒன்பது மட்டைகள். ஒன்பது பேருக்கும் போன் போட்டார்.

“தப்பா கட்டிட்டேன். கொண்டு வாங்க, அவுத்துட்டு திரும்பக் கட்டித் தரேன்.”

“நல்லாத்தானே இருக்கு, விடுங்கக்கா” என்றார்கள் பலர். அவர் விடவில்லை. ஏழு பேர் கொண்டு வந்தார்கள்.

எட்டாவது ஆளான டாக்டர் நேரில் வந்தார். ஆனால் மட்டையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார். அவரிடம் வரும் நோயாளிகள் வாயை மூடிக்கொள்வதும் ஏறக்குறைய அப்படித்தான்.

“இத தொடாதீங்க. ஆறு வருஷம் கழிச்சு இதுலதான் ஜெயிச்சிருக்கேன்.”

“அது அம்பத்திரண்டுக்குப் பதிலா நாப்பத்தெட்டுல தப்பா கட்டினது டாக்டர்.”

“அந்தத் தப்பு எனக்குப் பிடிச்சிருக்கு.”

ஒன்பதாவது ஆள் போனையே எடுக்கவில்லை. மதியம் அக்கா பஸ் பிடித்துத் தலைமையாசிரியரின் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

“டென்னிஸா? மட்டையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டார்மா. கை சொன்ன பேச்சு கேக்கலையாம். இவரோட அண்ணனுக்கும் இப்படித்தான் கையில ஆரம்பிச்சுது, அப்புறம் ஸ்பூன்கூட பிடிக்க முடியாம போச்சு. வியாழக்கிழமை நரம்பு டாக்டரப் பாக்கப் போறோம்.”

நரம்பு என்றதும் அக்காவுக்கு ஒரு கணம் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று தோன்றியது. பிறகு புரிந்தது. புரிந்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தலைமையாசிரியர் வந்தார். இரண்டு நாளில் முகம் இளைத்திருந்தது. அக்கா எழுந்து நின்று, வெள்ளையடித்ததில் தொடங்கித் தராசு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

“நாலு பவுண்டா?”

“நாலு. தளர்ந்த நரம்பு பந்த தூக்கிப் போட்டுடும் சார். நீங்க பழைய கணக்குலயே அடிச்சிருக்கீங்க.”

“அப்ப கை?”

“கையப் பத்தி எனக்குத் தெரியாது. பந்து வெளிய போனதுக்கு உங்க கை காரணமில்ல. நான்தான்.”

அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். புறங்கை, பிறகு உள்ளங்கை. ஆறாம் வகுப்புப் பையனின் நகத்தைச் சோதிப்பதுபோல நெடுநேரம் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பரணில் ஏற முக்காலி கொண்டுவரச் சொன்னார். வியாழக்கிழமை நரம்பு டாக்டரும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். அதற்குள் தலைமையாசிரியர் இரண்டு நாள் பயிற்சியே முடித்துவிட்டார்.

அன்று பரணிலிருந்து எடுத்த மட்டையை அக்காவிடம் கொடுக்கும்போது கேட்டார்: “சம்பந்தியோடது?”

“அதுவும் நாப்பத்தெட்டுதான். ஒம்போதும் ஒரே அளவு. தப்பு பண்ணினாலும் ஒரே மாதிரிதான் பண்ணியிருக்கேன்.” சொன்ன பிறகுதான் அதில் பெருமை கலந்திருப்பது தெரிந்து, அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப ரெண்டு பேருக்கும் சமம்தான். அவர் ஜெயிச்சது ஜெயிச்சதுதான். என் பேட்டப் பத்தி அவர்கிட்ட வாயத் திறக்காதீங்க. தோத்துட்டு சாக்கு சொல்றேன்னு நினைப்பார்.”

“நானா சொல்ல மாட்டேன் சார். கேட்டா மறைக்கவும் மாட்டேன்.”

பல் டாக்டர் கேட்கவில்லை. அவருக்கு வேறு கவலை. அன்று சாயங்காலமே நடந்த இறுதிப் போட்டியில் அந்த மட்டையின் நரம்பு அறுந்து, அவரும் தோற்றிருந்தார். சம்பந்தியை ஜெயித்த பிறகு மற்றவர்களிடம் தோற்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. அறுந்த நரம்புதான் பொருட்டு. மறுநாள் காலையிலேயே மட்டையோடு வந்து நின்றார்.

“அதே மாதிரி கட்டிக் கொடுங்க.”

“எது மாதிரி?”

ஐம்பத்திரண்டுக்குக் கீழே கட்டுவதெல்லாம் பூப்பந்து மட்டை என்று கிளப் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவர் அவர். திரும்பிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். நான்கு விரலைக் காட்டினார். பிறகு இரண்டு கையிலுமாக எட்டு விரலைக் காட்டினார்.

அக்கா அட்டையில் தேதி போட்டு, டாக்டர் என்று எழுதி, நாற்பத்தெட்டு என்று தெளிவாக எழுதினார்.

“அம்பத்திரண்டுன்னே போடக் கூடாதா? என் சம்பந்தி வந்தா இதையெல்லாம் புரட்டிப் பாப்பார்.”

“கட்டறதத்தான் எழுதுவேன்.”

நடைபாதையில் காலடி கேட்டது. “அக்கா, என் பேட்டு ரெடியா?” என்றது தலைமையாசிரியரின் குரல். டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி, வெள்ளையடித்திருப்பதை ரசிக்கத் தொடங்கினார்.

பெட்டியில் எல்லா அட்டைகளும் எழுத்து வெளியே தெரியும்படிதான் நிற்கும். அக்கா புதிய அட்டையை எடுத்தார், மை காய ஒருமுறை ஊதினார், எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி திருப்பிச் செருகி, விரலால் ஓர் அழுத்து அழுத்தினார். அதற்குப் பிறகுதான் “வாங்க சார்” என்றார்.