துரை வருமுன் பிடுங்கிய மரம்

எங்கள் வீட்டில் முயல் இல்லை. ஆனாலும் வசந்தகாலம் வந்தால் எங்கள் தோட்டத்துக் கேட்டில் முயலுக்கென்று ஒரு பை நிறையப் புல்பூண்டு தொங்கும். அதைத் தொங்கவிடுகிறவர் ஹெர் க்ரூகர். தோட்டச் சங்கத்தின் தலைவர், எங்களுக்கு அடுத்த தோட்டக்காரர், ஓய்வுபெற்ற மனிதர். நாங்கள் வந்த புதிதில் அவருடைய வேலியோரம் முளைத்திருந்த கீர்ஷ் என்ற கீரையை நான் ஆய்ந்து பையில் போடுவதைப் பார்த்து, "முயலுக்கா?" என்று கேட்டார். ஜெர்மனியில் பாதிப் பேர் சபித்துக்கொண்டே பிடுங்கி எறியும் களை அது. அதைப் பொடியாக அரிந்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் மாசிக் கருவாடும் போட்டு, தேங்காய்ப்பூத் தூவிச் சுண்டினால் சோற்றுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு அப்போது எனக்கு ஜெர்மன் மொழி வராது. தலையை ஆட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவர் முயல்களின் சுகம் விசாரிக்கிறார். பெரிய முயல் நன்றாகச் சாப்பிடுகிறதா என்பார். என் கணவர் யோகனை நினைத்துக்கொண்டு, சாப்பிடுகிறது, உப்புத்தான் குறைவென்று முணுமுணுக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆமாம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் தோட்டம் என்ற சொல்லை விளக்க வேண்டும். நம் பக்கத்தில் தோட்டம் என்றால் தேயிலை, துரை, கங்காணி, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் எல்லாம் சேர்ந்தது. இங்கே க்ளைன்கார்ட்டன் என்பது அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் காய்கறி போட்டுக்கொள்ளச் சங்கம் குத்தகைக்குக் கொடுக்கும் ஒரு துண்டு நிலம். ரயில் பாதை ஓரமாக நூற்றுக்கணக்கில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மரக் குடில், ஒரு கொடிக்கம்பம், வேலிக்கு எத்தனை உயரம் என்பதற்கு ஒரு சட்டம். ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்கக்கூடாது. முதல் வருடம் புதியவர்களுக்குச் சோதனைக் காலம். இரண்டு தடவை எச்சரிக்கை வாங்கினால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அந்த வருட ஆரம்பத்திலேயே நாங்கள் ஒரு எச்சரிக்கையை வாங்கிவிட்டோம். காரணம் என் மெல்டெ. குப்பைக்கீரைக்குத் தூரத்துச் சொந்தக்காரி போலிருக்கும் ஒரு கீரை அது. தானாக முளைத்ததை நான் பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தேன். களையை வளர்ப்பது குற்றம் என்று க்ரூகர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். முயலுக்கு வேண்டுமானால் தன் தோட்டத்துக் களையைத் தருவதாகவும் சொன்னார்.

அந்தத் தோட்டம் போனால் எனக்கு என்ன ஆகும் என்று யோகன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பகல் முழுக்க மற்றவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைத்துவிட்டு வரும்போது இந்தக் கைகள் என்னுடையவை என்ற நினைப்பே இருக்காது. தோட்டத்துக்குப் போய் ஒரு பிடி கீரை ஆய்ந்தால்தான் அவை திரும்பி வரும். வேறு சமாதானம் எனக்குத் தெரியாது. அதனால் இரண்டாவது எச்சரிக்கை வரக்கூடாது என்பதில் உயிராக இருந்தேன்.

இலையுதிர் காலத்தில் யோகன் ஒரு ஸ்வெட்ஷ்கெக் கன்று வாங்கி வந்து நட்டிருந்தார். ஊதா நிறத்தில் நீளமாகக் காய்க்கும் பிளம்ஸ். நான் வேண்டாம் என்றேன். "மரமில்லாத வளவு ஒரு வளவோ?" என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டைச் சுற்றிய வளவு, வேலி, கிணறு, மாமரம் என்று வளர்ந்தவர். சண்டையில் வீடு தரைமட்டமாகி, பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது மாமரம் மட்டும் நின்றதாம். அதைக் கட்டிப்பிடித்து அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு மரம் என்றால் திரும்பிப்போய்க் கண்டுபிடிக்க உதவுகிற ஒன்று.

எனக்கு அப்படியில்லை. நான் பிறந்தது இலங்கை மலையகத்தில் நமுனுகுலப் பக்கம் ஒரு லயத்தில். லயத்துக்குப் பின்னால் பாயை விரித்த அளவுக்கு ஒரு துண்டு மண் எங்களுக்கு உண்டு. உண்டு என்றால், அதில் நாங்கள் எதையாவது போட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்று பொருள். கீரை போடலாம், போஞ்சி போடலாம், தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் சேம்பு வைக்கலாம். சவ்சவ் கொடியைக் கூரையில் ஏற்றிவிடலாம். கொழுந்து எடுத்துவிட்டு வரும் வழியில் மருந்தடிக்காத மலையாகப் பார்த்து வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் பிடுங்கி வரலாம். மரம் மட்டும் வைக்கக்கூடாது. மரம் வைத்தால் அந்த மண்ணுக்கு நாளைக்கு உரிமை கேட்பான் என்பது துரைமாரின் பயம். அவர்கள் பயந்தது சரிதான், நாங்கள் கேட்டிருப்போம். ஆகவே சீக்கிரம் முளைத்து, சீக்கிரம் சட்டிக்கு வந்து, அடையாளம் தெரியாமல் போய்விடுகிற பயிர்களில் நாங்கள் கெட்டிக்காரர்கள் ஆனோம்.

என் அப்பாவுக்குப் பேரிக்காய் மரம் ஆசை. பண்டாரவளையில் யாரோ கொடுத்த கன்றை ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்து லயத்துக்குப் பின்னால் வளர்த்தார். துரை லயம் பார்க்க வருகிறார் என்று கங்காணி சாடை காட்டினால் அப்பா தகரத்தைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடுவார். இருந்தது ஒரே அறை. அன்றைக்கு நாங்கள் கன்றைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவோம். இப்படிச் சில வருடம் போனது. ஒருமுறை துரை வருகிறார் என்றதும் அப்பா தகரத்தைத் தூக்கப் போனார், வரவில்லை. தகரத்தின் அடி துருப்பிடித்து ஓட்டையாகி, வேர் தரைக்குள் இறங்கியிருந்தது. அம்மாவும் சேர்ந்து இழுத்தார், வரவில்லை. துரை வந்தார், பார்த்தார், சத்தம்கூடப் போடவில்லை. அதை வெட்டும் வேலையை அப்பாவிடமே கொடுத்தார்கள். அரைப்பேர் போட்டார்கள், அதாவது அரை நாள் கூலி. தோட்ட நிர்வாகத்தை நியாயமில்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஜெர்மனித் தோட்டத்தில் அந்தச் சித்திரை மாதம் கேட்டருகே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை பெகேஹுங். நிர்வாகக் குழு ஒவ்வொரு தோட்டமாக நடந்துவந்து பார்வையிடும். அதை வாசித்த நிமிடத்திலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேரே தோட்டத்துக்குப் போனேன். மறுபடி முளைத்திருந்த மெல்டெயை ஒன்றுவிடாமல் பிடுங்கினேன். பிறகு மண்வெட்டியை எடுத்து, அப்போதுதான் தளிர் விட்டிருந்த யோகனின் கன்றை வேரோடும் மண்ணோடும் தோண்டி எடுத்து, வாளியில் வைத்துக் குடிலுக்குள் மறைத்தேன். குழியை மூடி, அதன்மேல் முள்ளங்கி விதை தூவினேன். மனம் அப்படி நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். க்ரூகர் சுற்றிப் பார்த்தார். பாத்திகளைப் பார்த்துப் பாராட்டினார். பிறகு தோட்டத்தின் நடுவில் நின்று, "மரம் எங்கே?" என்று கேட்டார்.

"மரம் இல்லை, ஐயா. எங்களிடம் மரமே இல்லை," என்றேன். இந்த வாக்கியத்தை நான் இரவே ஜெர்மனில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் முகம் வாடியது. பழமரம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் சட்டமாம். மரமில்லாவிட்டால் இரண்டாவது எச்சரிக்கை. இரண்டாவது எச்சரிக்கை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்தானே என்றார். யோகன் என்னைப் பார்த்தார், முள்ளங்கிப் பாத்தியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்னப்பா இது? மரத்தை ஏன் புடுங்கினனீர்?"

"தொரை வர்றாருன்னுதாங்க," என்றேன். சொல்லும்போதுதான் அது என் காதிலேயே விழுந்தது.

குடிலைத் திறந்து வாளியைக் கொண்டுவந்து க்ரூகரின் காலடியில் வைத்தேன். தளிரெல்லாம் தொங்கிப்போயிருந்தது. அவர் குனிந்து ஒரு தளிரைத் தூக்கிப் பார்த்தார். இங்கே யாரும் மரம் திருடமாட்டார்கள் என்று மெல்லச் சொன்னார். திருட்டில்லை, என் ஊரில் மரம் நடக்கூடாது, மரம் நட்டால் நாங்கள் அங்கேயே இருக்கப்போகிறோம் என்று பொருள், அதனால் பெரியவர்கள் வரும்போது மறைப்போம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். பாதி தப்பாகத்தான் இருந்திருக்கும். அவர் தலையைச் சொறிந்தார்.

"இங்கே நீங்கள் இருக்கப்போகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் மரம் கேட்கிறோம்," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. பிறந்த மண்ணில் எதைச் செய்தால் துரத்துவார்களோ, அதைச் செய்யாததற்காக இங்கே துரத்தப் பார்க்கிறார்கள். கோபமா, சிரிப்பா, அப்பாவின் நினைப்பா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, அழுதேன். க்ரூகர் பதறிப்போய் மற்ற இருவரையும் அடுத்த தோட்டத்துக்கு அனுப்பினார். சட்டைக்கையை மடித்துக்கொண்டு முள்ளங்கிப் பாத்தியைத் தோண்டிக் கன்றைத் திரும்ப நட்டார். எச்சரிக்கை எழுதவில்லை. கன்று பிழைத்தால் போதும் என்றார். பிழைத்தது. ஆனால் ஆவணி வரை தினமும் போய் அதற்கு முன்னால் நின்றேன்.

மார்கழியில் ஊருக்குப் போனோம். மலைச் சரிவில் வெடிப்பு விழுந்து, லயத்தை விட்டு எழுப்பிய குடும்பங்களில் என் தம்பி சந்திரனுடையதும் ஒன்று. கீழே ஏழு பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணியும் ஒரு சின்ன வீடும் கொடுத்திருந்தார்கள். எங்கள் பரம்பரையில் முதல்முறையாகக் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கீரை, போஞ்சி, வெங்காயத்தாள். உயரமாக இருந்தது துணி காயப்போடும் கம்பு மட்டும்.

"ஏன்டா, மரம் ஒண்ணு வச்சா என்ன?"

"காணி உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரலக்கா. தர்றோம் தர்றோம்னுதான் சொல்றாங்க. வரட்டும், பார்ப்போம்."

மறுநாள் பண்டாரவளைக்குப் போய் ஒரு பேரிக் கன்று வாங்கி வந்தேன். சந்திரன் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினேன். அவன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப ஆழமா வச்சுறாதக்கா," என்றான்.

"ஆழமா வைக்காட்டி காத்துக்குச் சாஞ்சிரும்டா."

"சாஞ்சா நிமித்திக்கலாம். எடுக்கச் சொன்னா எடுக்கணுமே."

அவனுக்கு இரண்டு பிள்ளைகள், தலை நரைத்துவிட்டது. அவனை வைத்துக்கொண்டே ஆழமாகத்தான் வைத்தேன். ஜெர்மனியில் இருந்து வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறவளுக்கு அந்தத் தைரியம் வருவது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று எனக்கும் தெரியும். அந்த மண்ணில் இருக்கப்போகிறவன் அவன். அவன் எழுந்துபோய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான்.

இப்போது இங்கே மறுபடி வசந்தம். போன வருடத்தைவிட மழை குறைவு. நான் காலையில் எழுந்ததும் போனில், அந்தப் பேரிக் கன்று நிற்கும் பதுளைப் பக்கம் மழையா என்று பார்க்கிறேன். மழை என்றால் அன்றைக்கு மனம் லேசாக இருக்கும். போன வாரம் முழுக்கப் பதுளையில் பின்னேரம் இடி மழை என்று காட்டியது. சந்தோஷமாக வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன், படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்விட்டு வந்த யோகன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மரம் வாடிப்போய் நிக்குது. ஒரு கிழமையா ஏனப்பா தண்ணி ஊத்தேல்லை?"

"மழை பேஞ்சுதேங்க," என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.